ஓவன் இல்லாமல் கால்பந்து இனிப்பு: மேட்ச் இரவுக்கான செய்முறைக் குறிப்பு

இணையத்தில் ‘ஃபுட்பால் டெசர்ட்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பழுப்பு நிறத்தில், இரு முனையும் கூராக, முதுகில் வெள்ளைத் தையல் போட்ட ஒரு பண்டம். அது அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்து. அதைப் பார்த்துச் செய்து தட்டில் அடுக்கினால் பெங்களூரில் யாரும் அதைக் கால்பந்து என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அல்சூரை ஒட்டிய கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ‘இது என்ன, கொழுக்கட்டையா?’ என்றுதான் கேட்பார்கள். நமக்குப் பந்து என்றால் உருண்டை, வெள்ளை, அதில் கறுப்பு ஐங்கோணம். இந்தக் குறிப்பும் அந்தப் பந்துக்குத்தான். அமெரிக்கப் பந்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே சொல்லப்போவது 12 பேருக்கான அளவு: வெள்ளை சாக்லேட் பூசிய பிஸ்கட் பந்துகள், கடல்பாசியில் ஒரு மைதானம், ஸ்ரீகண்ட் (வடித்த தயிரில் சர்க்கரை சேர்த்தது) கப். புதிதாகக் கை வைப்பவர்கள் மூன்றையும் ஒரே நாளில் தொட வேண்டாம். முதல் தடவை பந்து மட்டும் செய்யுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் மற்ற இரண்டும் அதைச் சுற்றி வரும் வேலைதான்.

ஓவன் இல்லை என்பதால் சூட்டைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த இனிப்புகள் கெடுவது பெரும்பாலும் இரண்டே காரணத்தால்: தண்ணீர் படக்கூடாத இடத்தில் ஒரு சொட்டுப் பட்டது, அல்லது சூடாக இருக்க வேண்டியது ஆறிப்போய், குளிர்ந்திருக்க வேண்டியது சூடாக இருந்தது. கீழே வரும் எச்சரிக்கைகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் போய் முடியும்.

முதலில் ஆட்ட நேரத்தைப் பாருங்கள்

இங்கிலாந்து லீக்கில் அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30. சாம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி 12:30 அல்லது 1:30. அமெரிக்கக் கண்டத்தில் நடக்கும் போட்டி என்றால் பெரும்பாலும் நள்ளிரவும் விடியற்காலையும்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 7:30 ஆட்டத்துக்கு வருபவர்கள் பஜ்ஜி, பப்ஸ் முடித்த பிறகுதான் இனிப்பைத் தேடுவார்கள். அங்கே ஆளுக்கு இரண்டு பந்தே அதிகம். 12:30 ஆட்டத்துக்கு உட்காருபவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு செரித்திருக்கும். பந்து, ஒரு துண்டு மைதானம், கப் எல்லாமே காலியாகும். பந்தை இரண்டு நாள் முன்பே செய்து வைக்கலாம். மைதானத்தை அன்றைக்குக் காலையில்தான் செய்ய வேண்டும். கப்பை அடுக்குவது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு.

சாமான் வாங்கும்போது

மாரி பிஸ்கட், கன்டென்ஸ்டு மில்க், உப்பில்லாத வெண்ணெய், உலர்ந்த தேங்காய்ப் பூ, கடல்பாசி ஆகியவை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். கடல்பாசியைச் சைனா கிராஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சாக்லேட்டில்தான் ஏமாற்றம் நடக்கும். உங்களுக்கு வேண்டியது ‘காம்பவுண்ட்’ என்று கவரில் எழுதியிருக்கும் கட்டி: வெள்ளை 300 கிராம், டார்க் 100 கிராம். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். அதனால் உருக்கி ஊற்றினால் தானாக இறுகிவிடும். சுத்தமான கோகோ வெண்ணெய் போட்ட ஒசத்தி சாக்லேட்டை வாங்கினால் அதைக் குறிப்பிட்ட வெப்பத்துக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் இறுகாமல் கையில் ஒட்டும், மேலே சாம்பல் பூத்தது போல் ஆகும். ருசியில் காம்பவுண்ட் ஒரு படி கீழேதான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முதல் தடவைக்கு இதுவே சரி.

பச்சை நிறத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் அச்சிட்ட சீசாவை வாங்குங்கள். மார்க்கெட்டில் பொட்டலமாகக் கட்டித் தரும் கலர்ப்பொடி வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரில் கரையும் நிறம் தேங்காய்ப் பூவுக்கும் கடல்பாசிக்கும் சரி. அதே சீசாவை உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு விட்டால் மொத்தமும் மண் மாதிரித் திரண்டுவிடும். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் நிறம் தனியாக விற்கிறார்கள். இந்தக் குறிப்பில் அது தேவையே வராது.

ஜெலட்டினைத் தொட வேண்டாம். அது விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவது. வரும் 12 பேரில் சைவம் சாப்பிடுபவர் யார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதோடு ஜெலட்டின் நம் அறை வெப்பத்தில் இளகிவிடும். கடல்பாசி இறுகுவது 35, 40 டிகிரி பக்கத்தில். ஒரு தடவை இறுகினால் 85 டிகிரி வரை உருகாது. ஏப்ரல் மாத மதியத்தில் மேசை மேல் வைத்தாலும் அப்படியே நிற்கும்.

பந்து

மாரி பிஸ்கட் 200 கிராம், உலர் தேங்காய்ப் பூ 40 கிராம், கன்டென்ஸ்டு மில்க் 170 கிராம், உருக்கி ஆறிய வெண்ணெய் 30 கிராம், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இதில் 20 கிராம் வீதம் 20, 22 பந்து வரும்.

பல செய்முறைகளில் கோகோ பவுடர் சேர்ப்பார்கள். முதல் தடவை வேண்டாம். உள்ளே இருப்பது பழுப்பாக இருந்தால் வெள்ளைப் பூச்சின் வழியே நிழல் தெரியும், பந்து அழுக்குப் பிடித்தது போல இருக்கும். கோகோ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வெள்ளைப் பூச்சை இரண்டு தடவை பூச வேண்டும்.

1. பிஸ்கட்டை மிக்ஸியில் நன்றாகப் பொடித்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். சலிக்காமல் விட்டால் குருணை மேலே துருத்தும். பூசின பிறகும் பந்து பொரிவிளங்காய் மாதிரி இருக்கும், அதன் மேல் நேர்கோடு போட முடியாது.

2. தேங்காய்ப் பூ, ஏலக்காய், உப்பு கலந்து, வெண்ணெயை ஊற்றிப் பிசிறுங்கள். அதன் பிறகு கன்டென்ஸ்டு மில்க் 150 கிராம் மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம், மூடிப் பத்து நிமிஷம் வையுங்கள். பிஸ்கட் மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும். பிசைந்தவுடன் சரியாக இருந்த மாவு பத்து நிமிஷத்தில் வறண்டுபோகும்.

3. கொஞ்சம் எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். விளிம்பு வெடித்தால் மீதி 20 கிராமைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். கையோடு வந்தால் ஒரு பிஸ்கட்டைப் பொடித்துத் தூவுங்கள். கொழுக்கட்டை மாவைவிடச் சற்று இறுக்கம் என்பதே கணக்கு.

4. ஒவ்வொன்றையும் எடை போட்டு 20 கிராமாக உருட்டுங்கள். தராசு இல்லையென்றால் பெரிய நெல்லிக்காய் அளவு. உள்ளங்கையில் ஒரு துளி நெய் போதும்; அதிகமானால் பூச்சு வழுக்கும்.

5. ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து, இன்னொரு தடவை உருட்டுங்கள். முதலில் உருட்டியது தன் பாரத்தில் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். பிறகு அரை மணி நேரம் மறுபடி உள்ளே.

ஃப்ரீசரில் வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். உறைந்த உருண்டையின் மேல் சூடான சாக்லேட் பட்டதும் பூச்சு சட்டென்று இறுகும். உள்ளே இருப்பது மெல்லச் சூடேறி உப்பும்போது வெளித்தோடு பிளக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு பந்திலும் ஒரு விரிசல். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி போதும். பூசுவதற்குப் பத்து நிமிஷம் முன் வெளியே எடுத்து, மேலே ஈரம் துளிர்த்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

பூச்சுக்கு, வெள்ளைக் காம்பவுண்டைச் சின்னதாக நறுக்குங்கள். 22 பந்துக்கு ஒட்டிப்போவது பாதியளவுதான் என்றாலும் 300 கிராம் உருக்க வேண்டும், முங்குகிற அளவுக்கு ஆழம் வேண்டாமா? ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் மேல், வாய் அகலமான இன்னொரு கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது, கிண்ணத்தின் விளிம்பு கீழ்ப் பாத்திரத்தை மூடியபடி இருக்க வேண்டும்; இடுக்கு வழியாக வரும் ஆவி ஒரு துளியாகி உள்ளே விழுந்தால் போதும், சாக்லேட் திப்பி திப்பியாகிவிடும். கரண்டி, கிண்ணம், கை எல்லாம் துளி ஈரமில்லாமல் உலர்ந்திருக்கட்டும். கழுவிய கரண்டியைத் துணியில் துடைத்தது போதாது, ஐந்து நிமிஷம் காயட்டும்.

முக்கால்வாசி இளகியதும் கிண்ணத்தை இறக்கிவிட்டு மீதியைக் கிளறியே கரையுங்கள். வாசனையில்லாத எண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் பூச்சு மெலிதாக வரும். வெள்ளைச் சாக்லேட்டில் பால்பொடியும் சர்க்கரையும் அதிகம், அதனால் டார்க்கைவிடச் சீக்கிரம் அடிபிடிக்கும். விரலின் பின்புறம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுட்டால் காத்திருங்கள். சுடச்சுட முக்கினால் உருண்டையில் இருக்கும் வெண்ணெய் இளகி, பந்து கிண்ணத்துக்குள்ளேயே உடைந்து போகும். மைக்ரோவேவ் இருந்தால் பாதித் திறனில் 30 விநாடி, கிளறு, மறுபடி 20 விநாடி. ஒரேயடியாக இரண்டு நிமிஷம் வைத்துவிட்டுப் போனால் நடுவில் கருகி நாறும். அதை மீட்க வழியில்லை.

திரண்டுபோன சாக்லேட்டையும் தூக்கிப் போட வேண்டாம். சூடான பால் இரண்டு ஸ்பூன் விட்டு அடித்தால் குழம்பு பதத்துக்கு வரும். பூச்சுக்கு உதவாது, ஆனால் கப்பில் ஊற்றலாம்.

இரண்டு முள்கரண்டியால் பந்தை முக்கி எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் நாலு தடவை தட்டினால் அதிகப்படி வழிந்துவிடும். அப்படியே பட்டர் பேப்பரில் வைத்தால் அடியில் ஒரு வட்டம் தேங்கி நிற்கும், பந்துக்குச் செருப்புப் போட்டது போல. அதற்கு ஒரு தந்திரம்: பட்டர் பேப்பரில் பச்சை நிறம் ஏற்றிய உலர் தேங்காய்ப் பூவை (கீழே ‘புல்’ பகுதியில் வருவது, முதலிலேயே செய்து வையுங்கள்) சின்னச் சின்னக் குவியலாக வைத்து, ஈரம் காயுமுன் பந்தை அதன் மேல் உட்காரவையுங்கள். வழிந்தது புல்லில் ஒட்டிப் புல்தரையாகிவிடும், பந்தும் உருளாது.

ஐங்கோணம் போடுவது

1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் கொடுத்த டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணமும் 20 வெள்ளை அறுகோணமும் இருந்தன. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று போட்ட நிறம் அது. இப்போதைய உலகக் கோப்பைப் பந்துகள் அப்படி இல்லை, ஆனால் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பந்து வரையச் சொன்னால் இன்றும் அதைத்தான் வரையும்.

12-ஐயும் போட வேண்டியதில்லை. தட்டில் உட்கார்ந்த பந்தின் மேல்பாதியில் வருவது ஆறு: உச்சியில் ஒன்று, சுற்றி ஐந்து. புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. சுற்றி வரும் ஐந்தையும் உச்சி ஐங்கோணத்தின் பக்கங்களுக்கு நேரே போட்டுவிடுவார்கள். அவை முனைகளுக்கு நேரே வர வேண்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு கோடு கிளம்பிப் போய், எதிரே இருக்கும் ஐங்கோணத்தின் முனையைத் தொடும். இந்த ஒன்று சரியாக இருந்தால் கோணல்மாணலாகப் போட்டாலும் பந்து மாதிரித் தெரியும். இது தப்பினால் எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் புள்ளி வைத்த உருண்டைதான்.

அளவும் கைக்கு அடங்கியது. பூசின பந்து மூன்றரை சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். ஐங்கோணத்தின் ஒரு பக்கம் ஆறு ஏழு மில்லிமீட்டர்; இணைக்கும் கோடும் அதே நீளம். முதலில் பல்குச்சியால் உச்சியில் ஒரு புள்ளி, சுற்றி ஐந்து புள்ளி குத்திக்கொள்ளுங்கள்.

டார்க் காம்பவுண்ட் 50 கிராமை உருக்கி, இதில் எண்ணெய் சேர்க்காமல், ஜிப் கவரில் ஊற்றி மூலையை ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் வேறு கவர்தான். உருக்கிய உடனே போட்டால் ஓடும், மூன்று நான்கு நிமிஷம் ஆறட்டும். ஓரக்கோட்டை முதலில் போட்டு, பிறகு உள்ளே நிரப்புங்கள். நடுவில் கவர் இறுகினால் வெந்நீர் டம்ளரில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்ததும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். டார்க் காம்பவுண்ட் பழுப்புதான் என்று கறுப்பு நிறம் தேடி ஓட வேண்டாம்; வெள்ளைக்குப் பக்கத்தில் அது கறுப்பாகவே தெரியும்.

கோணலாகிவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், பந்து முழுக்க ஈஷிக்கொள்ளும். இறுகவிட்டுக் கத்தி முனையால் நெம்பினால் சில்லாகக் கழன்று வரும். பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து செய்வதென்றால் கவர் வேண்டாம். பூச்சு காயுமுன் சாக்லேட் சிப்ஸை முனை உள்ளே போகும்படி ஆறு இடத்தில் குத்தட்டும். ஐங்கோணம் வராது, சண்டையும் வராது.

புல்

உலர் தேங்காய்ப் பூ 100 கிராம். ஒரு டீஸ்பூன் தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பச்சை, ஒரு சொட்டு மஞ்சள். மஞ்சள் சேர்க்காவிட்டால் புல் பச்சை வராது, பெயின்ட் பச்சைதான் வரும். இரண்டையும் கவரில் போட்டு ஊதி மூடிக் குலுக்குங்கள். தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் காயட்டும். துருவிய பச்சைத் தேங்காயை இதற்குப் பயன்படுத்தினால் அதன் பால் நிறத்தைக் கரைத்து எல்லாவற்றிலும் ஏற்றிவிடும், சாயங்காலத்துக்குள் சளித்தும் போகும்.

மைதானம்

சர்வதேச ஆட்டங்களுக்கு வழக்கமான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 30க்கு 20 சென்டிமீட்டர் தட்டு ஒன்று இருந்தால் கிட்டத்தட்ட அதே விகிதம். அந்தத் தட்டுக்கு ஏற்றபடி குறைத்தால் நடுவட்டம் 5.2 சென்டிமீட்டர் குறுக்களவு, அதாவது ஒரு சின்ன காப்பி டம்ளரின் வாய். பெனால்டி கட்டம் 11.5 அகலம், 4.7 ஆழம். அதற்குள் கோல் கட்டம் 5.2 அகலம், 1.6 ஆழம். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 3.1 சென்டிமீட்டர். மூலைகளில் கால் வட்டம் இந்த அளவில் 3 மில்லிமீட்டர்தான் வரும், ஒரு பொட்டு வைத்தால் போதும்.

அடியில் வெள்ளைப் பால் அடுக்கு, மேலே பச்சை இளநீர் அடுக்கு. கண்ணாடி போன்ற பச்சைக்குக் கீழே வெள்ளை இருப்பதால் நிறம் பளிச்சென்று எழும். ஒரே அடுக்காகப் பச்சைப் பாலில் செய்தால் சுவரில் அடிக்கும் டிஸ்டெம்பர் நினைவுதான் வரும்.

பால் அடுக்குக்கு, 10 கிராம் கடல்பாசியைக் கத்திரித்து 300 மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, சிறு தீயில் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது. நேராகப் பாலில் போட்டுக் காய்ச்சினால் கரைய நேரமாகும், பாலும் அடிபிடிக்கும். இன்னொரு அடுப்பில் 700 மில்லி பாலும் 110 கிராம் சர்க்கரையும் காய்ந்து சூடாக இருக்கட்டும். இரண்டும் சூடாக இருக்கும்போதே கடல்பாசியை வடிகட்டிப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே இறுகி, சேமியா மிதப்பது போல ஆகிவிடும்.

தட்டில் ஊற்றுமுன் ஒரு ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த தட்டில் விடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் இறுகி விரலால் தள்ளினால் நகர வேண்டும். இறுகவில்லையென்றால் பயமில்லை, இன்னும் 2, 3 கிராம் கடல்பாசியைக் கரைத்துச் சேர்த்து மறுபடி சூடாக்கினால் சரியாகும். அதற்காக முதலிலேயே அள்ளிப் போட்டால் பல்லில் ரப்பர்தான்.

பச்சை அடுக்குக்கு 5 கிராம் கடல்பாசியை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, 40 கிராம் சர்க்கரை சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு 350 மில்லி இளநீரும் பச்சை நிறமும் கலக்குங்கள். இளநீரைக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். ஆனால் அதுவும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். கடையிலிருந்து ஜில்லென்று வந்ததை அப்படியே ஊற்றக் கூடாது.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் இந்தப் பண்டம் நிற்கிறது. பால் அடுக்கு மேலே தோல் கட்டி, விரலால் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில், ஒரு கரண்டியைக் குப்புறப் பிடித்து அதன் முதுகில் விழுமாறு பச்சையை மெல்ல ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் பாலைத் துளைத்துக்கொண்டு இறங்கிக் கலங்கும். முழுக்கக் குளிர்ந்த பிறகு ஊற்றினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், துண்டு போடும்போது பச்சை தனி, வெள்ளை தனியாக வழுக்கிக்கொண்டு போகும். அப்படி நேரம் தவறிவிட்டால் பால் அடுக்கின் மேல் முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு, பச்சையைச் சற்று அதிகச் சூட்டோடு ஊற்றினால் ஓரளவு பிடிக்கும்.

கோடுகளை நேரடியாகப் பச்சையின் மேல் போட முயல வேண்டாம். கடல்பாசியின் மேல்பரப்பு எப்போதும் ஈரம், சாக்லேட் ஒட்டாது. ஒரு காகிதத்தில் மேலே சொன்ன அளவுகளில் மைதானத்தை வரைந்து, அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, மீந்த வெள்ளைக் காம்பவுண்டால் கோடுகளைப் போடுங்கள். நடுவட்டம் ஒன்று, கட்டங்கள் தனித்தனி, நடுக்கோடு இரண்டு துண்டு. கோடு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் உடையாமல் கழன்று வரும். இறுகியதும் எடுத்து, பரிமாறுவதற்குக் கால் மணி முன்பு மேலே அடுக்குங்கள். உடைந்தால் உருக்கி மறுபடி போடலாம். கோல் கம்பங்களுக்கு நெட்டுக்குத்தாக இரண்டு சேமியாக் குச்சி என்று சிலர் செய்வார்கள். வேகாத சேமியா யார் பல்லிலாவது மாட்டும், விட்டுவிடலாம்.

கடல்பாசியை ஒரு ராத்திரி வைத்தால் தண்ணீர் விடும். அதனால்தான் அன்றைக்குக் காலையில் செய்யச் சொன்னது. மேலே நீர் நின்றால் கோடு வைக்குமுன் டிஷ்யூவால் ஒற்றுங்கள்.

கப்

ஒரு கிலோ கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஏழெட்டு மணி நேரம் வடியவிடுங்கள். சமையலறையில் தொங்கவிட்டால் புளித்துவிடும். பாதிக்குப் பாதி மிஞ்சும். அதில் 150 கிராம் பொடித்த சர்க்கரை, ஏலக்காய். 100 மில்லி கப்பில் அடியில் வெண்ணெய் பிசிறிய பிஸ்கட் தூள் ஒரு ஸ்பூன், மேலே தயிர் மூன்று ஸ்பூன், கடைசியில் புல், அதன் மேல் ஒரு பந்து. கொழுப்புப் பிசிறியதால் தூள் சீக்கிரம் நமத்துப் போகாது. புல்லை முன்கூட்டியே தூவினால் பச்சை தயிரில் இறங்கிவிடும், பந்தும் ஊறி வெள்ளைப் பூச்சு மங்கும். இரண்டையும் தட்டில் எடுத்து வைக்கும்போது மட்டும். பிஸ்கட் தூளுக்குப் பதிலாக ஐயங்கார் பேக்கரி ப்ளெயின் கேக்கை உதிர்த்துப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். முட்டை சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த அமெரிக்கப் பந்து

வீட்டில் யாருக்காவது அமெரிக்கக் கம்பெனியில் வேலை என்றால் பிப்ரவரியில் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் பார்க்க ஆசைப்படுவார்கள். நமக்குத் திங்கள் விடியற்காலை 5 மணி. அந்த நேரத்துக்கு எதையும் உருட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் கொழுத்த பேரீச்சம்பழம் கால் கிலோ வாங்கினால் வடிவமும் நிறமும் இயற்கையே கொடுத்திருக்கிறது. கொட்டையை எடுத்து ஒரு வறுத்த பாதாமை வைத்து மூடி, வெள்ளைக் காம்பவுண்டால் முதுகில் நீளக்கோடு ஒன்று, குறுக்கே நாலு. இருபது நிமிஷ வேலை.

மேசைக்கு வரும்போது

மழைக்காலப் பெங்களூரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட் பந்து ஐந்து நிமிஷத்தில் வியர்க்கும். ஐங்கோணத்தைச் சுற்றிப் பழுப்பு நீர் வடியும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மூடியைத் திறக்காமலே அரை மணி வெளியே வைத்திருங்கள். உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் டப்பாவின் மேல்தான் படியும். அதே டப்பாவில் பந்து ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் வரை இருக்கும். பால் மைதானமும் தயிர்க் கப்பும் அப்படியல்ல, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதே பாதி காப்பு.

வேர்க்கடலை, பாதாம் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பந்தை முழுதாகக் கொடுக்காமல் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

இடைவேளை 15 நிமிஷம்தான். மைதானத்தைத் துண்டு போடுவதை அதற்குள் தொடங்கினால் இரண்டாம் பாதி போய்விடும். முதல் பாதியில் 40 நிமிஷம் ஆனதும் எழுந்து, எல்லோரும் படம் எடுத்து முடித்த தட்டில், வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் ஆறுக்கு நாலாக 24 துண்டு. சூடான கத்தி வெள்ளைக் கோட்டையும் நொறுக்காமல் வெட்டும். நடுவட்டத் துண்டு நாலு பேருக்குத்தான் வரும். யாருக்கு என்பதை முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.